பழைய ஜாகுவாருக்குப் புது டயர்

1961 மார்ச் மாதம் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் ஈ-டைப் காரைக் காட்டியபோது, மணிக்கு 150 மைல் வேகம் போகும் என்றார்கள். அந்த நீள மூக்கை இன்றைக்கும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். ஆனால் யானை வாங்கியவர் அங்குசம் வாங்க யோசித்த கதையாக, இப்படி ஒரு காரைப் பெரிய விலை கொடுத்து வாங்குகிறவர்களில் சிலர் டயர் என்று வந்தால் மட்டும், "இன்னும் பட்டன் நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடுகிறார்கள். பட்டன் நன்றாக இருப்பதுதான் இங்கே பிரச்சினையே!

சாதாரண கார் தினமும் ஓடும், டயர் தேயும், தேய்ந்ததும் மாற்றுவார்கள். கணக்கு சுலபம். இங்கிலாந்தில் ஒரு ஈ-டைப் வருஷத்துக்கு 1,000 மைல் ஓடினால் அதிகம். மழை, குளிர், சாலையில் உப்பு என்றால் வெளியே எடுக்கவே மாட்டார்கள். இருபது வருஷம் ஆனாலும் டயர் தேயாது. ஆனால் ரப்பருக்கு வயசாகும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக வைக்கும். இதைத் தடுக்கத்தான் ரப்பரில் ஒரு வகை மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அந்த மெழுகு மேலே கசிந்து வந்து பூச்சு மாதிரி காக்கும். கொட்டகைக்குள் அசையாமல் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் சரியாகக் கிடைப்பதில்லை. பத்திரமாகப் பூட்டி வைத்ததாலேயே கெட்டுப்போகிற பொருள் இது. (பட்டுப்புடவைக்கும் இதே கதைதான் என்று பாட்டிகள் சொல்வார்கள்.)

வெளியே ஒன்றும் தெரியாது என்பதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் இசைவிழாவுக்குப் போய்த் திரும்பிய ஒரு பேருந்தின் முன்டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல். பட்டன் சட்டப்படி போதுமான அளவு இருந்தது! இறந்த இளைஞர் ஒருவரின் தாய் வருஷக்கணக்கில் போராடிய பிறகு, 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன்சக்கரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடக்கூடாது என்று சட்டம் வந்தது. கார்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. போதாக்குறைக்கு 2018 மே முதல் நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், வருடாந்திரப் பரிசோதனையிலிருந்தே விலக்கு. ஆக ஈ-டைப்பின் டயரைப் பார்க்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. சொந்தக்காரர் தானாகக் குனிந்து பார்த்தால்தான் உண்டு.

எங்கே பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. மூன்று இலக்கம்தான் இருக்கிறதா? அது 2000-க்கு முந்தையது, யோசிக்காமல் கழற்றிவிடலாம். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் காருக்கு அடியில் தவழத்தான் வேண்டும். வாங்கும்போதும் இதே எண்ணைக் கேட்க வேண்டும். இந்த அளவு டயர்கள் மெதுவாக விற்பவை, கடை அலமாரியிலேயே இரண்டு மூன்று வயது ஆகியிருக்கலாம்.

அடுத்தது எந்த டயர் என்ற கேள்வி. முதலில் காரோடு வந்தது டன்லப் ஆர்.எஸ்.5 என்ற கிராஸ்-பிளை டயர், அளவு 6.40-15. பின்னாளில் 185 அளவு ரேடியல் வந்தது. அன்றைய முகமே வேண்டும் என்கிறவர்கள் கிராஸ்-பிளை தேடுவார்கள். ஆனால் ஓட்டுவதற்கு ரேடியல்தான் நல்லது, இதில் பெரிய விவாதம் தேவையில்லை. இரண்டையும் கலந்து முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்-பிளை என்று மட்டும் போடக்கூடாது. பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். பிரிட்டனில் அது சட்டவிரோதமும்கூட.

"மார்க்கெட்டில் 205/60-15 மலிவாகக் கிடைக்கிறதே" என்று ஒரு யோசனை வரும். பழைய 185-15 டயரின் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். மொத்த விட்டம் சுமார் 677 மில்லிமீட்டர். 205/60-க்கு 627 தான். ஐந்து சென்டிமீட்டர் குறைவு! முள் 70 காட்டும்போது கார் 65-ல் போய்க்கொண்டிருக்கும், எஞ்சின் வீணாகக் கத்தும். அதோடு அந்த அகல டயர் ஈ-டைப்பின் ஐந்து அங்குல ரிம்முக்குப் பொருந்தாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத முதல் வரிசைக் காரில் அகல டயர் போட்டால், நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள்பட்டை பதில் சொல்லும்.

பைரெல்லி தன் பழைய சின்டுராட்டோ டயரை 185 அளவிலேயே பழைய பட்டனோடு, இன்றைய ரப்பரில் மறுபடி தயாரிக்கிறது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும், சாதாரண டயரைவிடப் பல மடங்கு. இதில் அநியாயம் ஒன்றுமில்லை. அச்சு செய்யும் செலவு பத்து லட்சம் டயர் விற்றாலும் அதேதான், சில ஆயிரம் விற்றாலும் அதேதான். 1961 முதல் 1974 வரை தயாரான ஈ-டைப்களே மொத்தம் 72 ஆயிரத்துச் சொச்சம். அதில் மிச்சம் இருப்பவர்கள்தான் அந்தச் செலவைப் பங்குபோட வேண்டும். அந்தக் காருக்காக ஒரு டயர் இன்னும் தயாராவதே ஆச்சரியம்.

கம்பிச் சக்கரம் என்றால் டியூப் கட்டாயம், ஆரக்கால் துளை வழியே காற்று போய்விடும். டியூப் போடுவதற்கு முன் டயருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் காகித லேபிளை உரித்துவிடச் சொல்ல வேண்டும். அது உரசி உரசியே டியூபை ஓட்டை போட்டுவிடும்.

ஆர்டர் கொடுக்கும்போது நான்கு என்று நிறுத்திவிடுகிறவர்கள் டிக்கிக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அங்கே ஸ்டெப்னி புத்தம் புதிதாக, ஒரு மைல்கூட ஓடாமல், மூன்று இலக்க எண்ணோடு படுத்திருக்கும்.