பூதத்தின் பெயரைப் படிக்கும் பிள்ளைகள்

லண்டன்: ஜூன் வந்துவிட்டால் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து 40 சொற்களை வாய்விட்டுப் படிப்பார்கள். அதில் 20 சொற்களுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. பக்கத்தில் ஒரு குட்டிப் பூதத்தின் படம் இருக்கும். இது அதன் பெயர் என்பார்கள். 2012 முதல் நடக்கும் இந்தச் சோதனை பார்க்க வேடிக்கையாகத் தெரியலாம். டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிக்கல்) உள்ள பிள்ளைகளுக்கு இந்த நாடு செய்த உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று என்பது என் கட்சி. 'ஹார்ஸ்' என்று அச்சிட்டிருக்க, படத்தைப் பார்த்து 'போனி' என்று சரளமாகச் சொல்லும் பிள்ளை உண்டு. ஊகத்தாலும் மனப்பாடத்தாலும் ஓரிரு வருடம் ஓட்டிவிடும். படங்கள் குறைந்து பக்கங்கள் நீளும்போது குட்டு உடையும். அதற்குள் சோம்பேறிப் பட்டமும் கிடைத்திருக்கும். பொருளில்லாத சொல்லை ஊகிக்க வழியில்லை, எழுத்துக் கூட்டியே ஆகவேண்டும். டிஸ்லெக்சியா பெரும்பாலும் இடறுவது அங்கேதான்: கண்ணில் அல்ல, சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில். (படிக்க உதவும் என்று வண்ணக் கண்ணாடி விற்பவர்கள் இன்னும் விற்கிறார்கள், அதற்கு உறுதியான சான்று இல்லை.)

நன்றாகப் படிக்கும் பிள்ளை 'ஸ்ட்ரோம்' என்ற பொருளில்லாச் சொல்லை 'ஸ்டார்ம்' (புயல்) என்று திருத்திப் படித்துத் தோற்கிறதே என்கிறார்கள் விமர்சகர்கள். நியாயம்தான். ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் 32 சரியானால் போதும் என்றிருக்க, ஓரிரு சொல்லில் யாரும் கவிழ்ந்துவிடுவதில்லை. டிஸ்லெக்சியா என்ற பெயரே தெளிவற்றது என்று டரம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜூலியன் எலியட் நெடுங்காலமாக வாதிடுகிறார். அதை ஏற்றாலும் என் வாதம் பலப்படவே செய்கிறது. எழுத்துக் கூட்டத் திணறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகை உதவிதான் வேண்டும்: ஒலியும் எழுத்தும் வரிசைப்படி, சின்னக் குழுவில், அலுக்காமல் திரும்பத் திரும்ப. டிஸ்லெக்சியா பற்றி அரசுக்காக ஜிம் ரோஸ் 2009இல் தந்த அறிக்கையும், இந்தச் சிக்கலுக்கும் அறிவுத்திறனுக்கும் முடிச்சுப் போடவில்லை. தனியாரிடம் பரிசோதித்துச் சான்று வாங்கப் பல நூறு பவுண்டு ஆகிறது. வசதியுள்ள வீட்டுக்கு அது கிடைக்கும். மற்றவர்களின் பிள்ளைகளையும் பள்ளி தேடிப்பிடிக்க இந்த 40 சொற்கள் உதவுகின்றன. தேர்வில் 25 சதவீதம் கூடுதல் நேரம் தருவது நல்லதுதான், ஆனால் அது படிக்கக் கற்றுக்கொடுக்காது.

இந்தச் சோதனைக்கு எட்டாத ஒன்றும் உண்டு: வேகம். பிழை குறைவு என்பதால் சிக்கல் இல்லை என்று ஆகாது. எழுத்தும் ஒலியும் ஒட்டிப்போகும் இத்தாலிய மொழியில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள், அதே சிக்கல் உள்ள ஆங்கிலேயர்களைவிடப் பிழை குறைவாகப் படித்தார்கள். ஆனால் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியில்தான் இரு சாராருக்கும் இயக்கம் குறைவு என்று 2001இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தமிழும் பெரும்பாலும் எழுதியபடி படிக்கும் மொழி. ஆகவே இங்குள்ள வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பிழையில்லாமல், ஆனால் ஒவ்வோர் எழுத்தாக நத்தை வேகத்தில் படிக்கும் பிள்ளையைப் 'பயிற்சி போதாது' என்று விட்டுவிடுவது எளிது. அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலும் அப்படித்தான் திணறுகிறதா என்று அதன் பள்ளியில் விசாரிக்கப் பெற்றோரிடம் சொல்லலாம், செலவில்லாத காரியம்.