எரிமலையின் தோளில் ஒரு பகல்

மலையே இல்லாத மண்ணிற் பிறந்தவர்கள் நாம். மானிப்பாயில் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றாலும் பனந்தலைகளே தெரியும். கீரிமலைக்கோ பெயரில் மட்டுமே மலையுண்டு. அத்தகைய எமக்கு, எரிமலை ஒன்றில் ஏறும் வாய்ப்பு சென்ற கோடை விடுமுறையிற் கிட்டியது.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் எம்மவர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்து வருவதை வாசகர்கள் அறிவர். எமது தம்பியும் அவர்களுள் ஒருவன். அம்மாவுடன் அவனிடம் சென்றிருந்த நாம், ஒரு நாள் விடியுமுன் புறப்பட்டு, ஏறக்குறைய 200 கிலோமீற்றர் கடந்து கற்றானியாவை அடைந்தோம். நகரின் நடுவே, எரிமலைக் கல்லிற் செதுக்கிய கரிய யானையொன்று முதுகில் எகிப்தியத் தூணைச் சுமந்து நிற்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்! மருதடிப் பிள்ளையாரைப் பிரிந்து ஒரு மாதமாகியிருந்தது.

எற்னா 3,300 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை. 1669 இல் அதன் குழம்பு கற்றானியாவின் மதில்வரை வந்து கடலிற் கலந்தது. சுமார் 1,900 மீற்றர் உயரத்திலிருந்து 2,500 மீற்றர் வரை கேபிள் கார் செல்கிறது. அதாவது, எமது பிதுருதலாகலையின் முடியளவுக்கு. பலத்த காற்றில் வண்டி ஓடாது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். திரும்பிவிடலாமென்று அம்மா இருமுறை சொன்னார். காற்றுத் தணிந்தது.

கம்பியில் தொங்கிய பெட்டி மெல்ல எழுந்தது. கீழே புல்லுமில்லை, பூண்டுமில்லை. உழுது காய்ந்த வயல்போல உறைந்த கருங்குழம்பு. 1971 இலும் பின்னர் 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் இக்கம்பிப் பாதையை அது சிதைத்ததென்றும், ஒவ்வொரு முறையும் மீளக் கட்டினார்களென்றும் தம்பி கூறினான். கண்ணை மூடியிருந்த அம்மா திறந்தார்.

"அழியுமெண்டு தெரிஞ்சும் ஏன் தம்பி திரும்பவும் இங்கையே கட்டுதுகள்?"

"தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்த நீங்கள், கூரையில்லாத வீட்டுக்கு ஏனம்மா திரும்பிப் போனனீங்கள்?"

"கிணறு அங்கையெல்லே கிடந்தது" என்றார் அம்மா. அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

மேல்நிலையத்திலிருந்து, மலைக்கென அமைந்த பெரிய சில்லுப் பஸ் எம்மை ஏறக்குறைய 2,900 மீற்றருக்குக் கொண்டு சென்றது. கோடையிலும் குளிர் எலும்பைத் தொட்டது. வழிகாட்டி சிறிது தோண்டி எடுத்துத் தந்த கற்பொடியோ உள்ளங்கையைச் சுட்டது. உச்சியின் வாய்களிலிருந்து வெண்புகை எழுந்தவண்ணமிருந்தது. கந்தக நெடி தொண்டையை அடைத்தது. எற்னாவின் குழம்பு பெரும்பாலும் மெல்ல ஊர்ந்து வருவது. ஊர்கள் அழிந்தாலும் மனிதர் பெரும்பாலும் தப்பிவிடுகின்றனர். 1928 இல் மஸ்காலி என்னும் ஊர் அவ்வாறே மூடுண்டது. மக்கள் அருகிலேயே புதிய மஸ்காலியை எழுப்பினர்.

இறங்கும் வழியெங்கும் திராட்சைத் தோட்டங்கள். எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் வளமான மண்ணாகிறது. அம்மா காரை நிறுத்தச் சொல்லி, ஒரு பிடி கருமண்ணை எடுத்து விரலால் நெரித்துப் பார்த்தார்.

"எங்கடை செம்மண் மாதிரி இல்லை. புகையிலை வருமோ?"

"வராது" என்றான் தம்பி, மண்ணைப் பாராமலே.

அம்மா கையைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.