மகாநாட்டில் ஓர் உழக்கு

நம் சங்கத்துக் காரியதரிசி பிடித்த பிடியை விடுகிறவர் அல்லர். "பொருட்காட்சிச்சாலைகளும் டிஜிட்டல் நுட்பமும் பற்றிய மகாநாட்டில் கட்டுரை படித்துவிட்டு வந்திருக்கிறாய், நம் இதழுக்கு நாலு பக்கம் தரக் கூடாதா?" என்று நூல்நிலைய வாசலிலேயே மடக்கிவிட்டார். பெற்ற புகழை எழுதச் சொல்கிறார் போலும். எழுத இருப்பதோ பட்ட பாடுதான்.

பௌதிகம் படிக்கிறவனுக்குப் பொருட்காட்சிச்சாலையில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். இந்நகரத்துச் சிறிய காட்சிச்சாலை ஒன்று, தன்னிடமுள்ள பழம்பொருள்களுக்கு முப்பரிமாணப் படிவம் எடுத்துத் தர மாணவர் ஒருவர் வேண்டுமென்று எங்கள் பேராசிரியரைக் கேட்டது. அவர் என்னை அனுப்பினார். பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்கள் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் கண்டதில் பெரும்பகுதி அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே விழுகிறது என்று கணிப்பொறி தேடிப் பிடித்து, முக்கோணக் கணக்குப் போட்டு, பொருளின் உருவத்தைத் திரையில் நிறுத்திவிடும். பளபளக்கும் பொருளென்றால் கணிப்பொறி தடுமாறும். புளி போட்டுத் தேய்க்காத பழம் பித்தளைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்படி என் கைக்கு வந்தவற்றில் ஒன்று, பதிவேட்டில் 'பித்தளைப் பாத்திரம், தென்னிந்தியா, உயரம் 4 அங்குலம்' என்னும் ஒரே வரியோடு கிடந்தது. கண்டவுடன் எனக்கு மெய்சிலிர்த்தது. உழக்கு அல்லவா அது!

அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் தில்லிக்கு மாற்றலாகி வந்தபோது, பாட்டி தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஓர் உழக்கைச் சுற்றிக் கொண்டுவந்தாள். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் உலைக்கு அரிசி அளந்தது அதுதான். விரலால் தலைதட்டி அளப்பாள். விருந்தினர் வந்தால் மட்டும் தட்டமாட்டாள், குவித்தபடியே போடுவாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்ற வாய்பாட்டை நான் கற்றது பள்ளியில் அன்று, அவள் பக்கத்தில் உட்கார்ந்து. அவள் காலமான பின் வீடு மாறினோம். பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டோம். உழக்கும் அந்த மூட்டையில் போயிற்று. மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவன் நான்.

ஆகவே இந்தப் பாத்திரத்துக்கு அதன் பெயரை மீட்டுக் கொடுத்தே தீருவது என்று உறுதி கொண்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றி அளக்கக் காட்சிச்சாலைக்காரர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் கணிப்பொறியில் நிற்கும் உருவத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமே! ஊற்றினேன். 338 மில்லி லிட்டர் என்றது. அளவைப் பட்டியல்களில் உழக்குக்குச் சொல்லப்படுவது ஏறத்தாழ 336. படியும் உழக்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டவை என்பதும், அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டவே 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொணர்ந்தது என்பதும் அப்போது எனக்கு நினைவில் வரவில்லை. துள்ளிக் குதித்தேன். கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மகாநாடு மண்டி ஹவுஸுக்கு அருகில் இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் பேசியவர், அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த தேசிய இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையை நினைவூட்டினார். 1978இல் திறக்கப்பெற்ற அது 2016 ஏப்ரல் 26ஆம் நாள் தீக்கிரையாயிற்று. பள்ளிச் சிறுவனாக அங்கே பாடம் செய்த விலங்குகளைக் கண்டு வாய்பிளந்து நின்றவன் நான். இருட்டில் எரிந்த கட்டடத்தின் படத்தைத் திரையில் காட்டியபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டு ரியோ நகரத்துத் தேசியக் காட்சிச்சாலை எரிந்தது. ஏறத்தாழ 2 கோடிப் பொருள்களை வைத்திருந்த இடம். உடனே அந்நகரத்து மாணவர்கள், அங்கே யார் என்ன படம் எடுத்திருந்தாலும் அனுப்புங்கள் என்று எல்லோரையும் வேண்டிக்கொண்டார்களாம். புனாவில் ஸி-டாக் நிறுவனம் ஆக்கிய 'ஜதன்' என்னும் மென்பொருளைப் பற்றியும் நெடுநேரம் பேசினார்கள். பகலுணவில் சாம்பார் இருந்தது. அதைப் பற்றி எழுதாமல் விடுவது நலம்.

இரண்டாம் நாள் என் முறை வந்தது. ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்த என் தலைப்பைத் தலைவர் 'உஜக்கு' என்று வாசித்தார். நான் ழகரத்தைத் திருத்தி ஒலித்துக் காட்டினேன். சபையில் இனிய சிரிப்பு. அந்தத் தெம்பில் பன்னிரண்டு நிமிஷம் பொழிந்து தள்ளினேன். கைதட்டல் ஓயுமுன், பல ஆண்டு பதிவேடு எழுதிப் பழகிய வங்காளத்து அம்மையார் ஒருவர் எழுந்தார்.

"பேட்டா, உன் படங்களில் அளவுகோலைக் காணோமே?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புகைப்படங்களிலிருந்து உருவம் கிடைக்கும், பருமன் கிடைக்காது. அருகிலிருக்கும் செப்புச் சாமானும் தொலைவிலிருக்கும் அண்டாவும் காமிராவுக்கு ஒன்றுதான். தெரிந்த நீளம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால்தான் அளவு நிற்கும். இது முதற்பாடம். நானோ பதிவேட்டிலிருந்த 4 அங்குலத்தை எடுத்துப் போட்டிருந்தேன். வெர்னியர் காலிப்பர் அன்று என் பையிலேயே இருந்தது. ஆனால் 4 என்று போட்டதும் உழக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அளக்க மனம் வரவில்லை.

'வைத்தோம், படத்தில் வெட்டிவிட்டோம்' என்று சொல்லியிருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்றாம் வரிசையில் பேராசிரியர் வேறு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் கண்ட தீயின் படம் கண்முன் வந்தது. அந்தப் பாத்திரம் ஒருநாள் இல்லாது போனால், நான் போட்ட எண்தானே அதன் எண்ணாக நிற்கும்?

"அளவுகோல் வைக்கவில்லை. பதிவேட்டை நம்பினேன். அது உழக்காக இருக்கவேண்டுமென்று எனக்கு ஆசை" என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் "அளந்துவிட்டு எனக்கும் எழுது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். பேராசிரியர் தேநீர் வேளையில் என்னோடு பேசவில்லை, மறுநாள் பேசினார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்த வாரம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, காலிப்பரை வைத்தேன். உயரம் 9.1 சென்டிமீட்டர். மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டதை என்றோ ஒருவர் நான்கென்று முழுமையாக்கி எழுதியிருக்கிறார். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு தவறினால் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் தவறும். மூன்று பக்கமும் சேர்ந்தல்லவா பெருகுகிறது! அளவுகோலோடு மறுபடி படமெடுத்துக் கணக்கிட்டதில் 243 மில்லி லிட்டர் வந்தது. பட்டியல் சொல்லும் உழக்கும் அன்று, அதில் பாதியான ஆழாக்கும் அன்று.

காப்பாளர் கணிப்பொறியில் புதிய பதிவைத் திறந்து, உயரத்தையும் கொள்ளளவையும் ஏற்றிவிட்டு, "பெயர் என்ன போடட்டும்?" என்று கேட்டார். விரல் நுனிவரை வந்த சொல்லை அடக்கிக்கொண்டு, "காலியாக இருக்கட்டும்" என்றேன்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரணில் பழைய அளவுப் பாத்திரம் ஏதும் கிடந்தால், தலைதட்ட நீர் ஊற்றி அளந்து, எந்த ஊர், என்ன பெயர் சொல்லி வழங்கினார்கள் என்று சங்க முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வையுங்கள்.