பாலை ஊற்றச் சொன்னார்கள்

பெரியப்பாவுக்குக் கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. வ. புதுப்பட்டியில் தோப்பிலிருந்து வந்தவர், "தலை கிர்ருங்குது, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று திண்ணையில் சாய்ந்து வாந்தி எடுத்தார். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். புரையேறியது. இருட்டுவதற்குள் நினைவு தப்பிவிட்டது. 108-இல் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து மதுரை.

மூளைத்தண்டில் ரத்த அடைப்பு என்றார்கள். கட்டைவிரல் அளவே உள்ள இடம். மூச்சு, விழுங்குதல், விழிப்பு எல்லாவற்றையும் நடத்துவது அதுதான்.

பெரியப்பாவின் மூச்சு மெல்லத் தொடங்கி, ஏறி ஏறிப் பெரிதாகி, பிறகு இறங்கி, நின்றுவிடும். நெஞ்சு அசையாது. நாங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மறுபடி தொடங்கும். உண்மையைச் சொல்கிறேன்: நின்றது அப்படியே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் படும் பாட்டுக்காக என்று நினைத்தேன். தாங்கமுடியாமல் போனது எனக்குத்தான். நினைவில்லாதவருக்கு அந்தத் தவிப்பு தெரிய வாய்ப்பு குறைவு என்று டாக்டர் பிறகு சொன்னார்.

ஏறி இறங்கி நிற்கும் அந்த மூச்சை 1818-இல் ஜான் செயின், 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் வரும். அது வந்தாலே சாவு என்று பொருளில்லை. மூளைத்தண்டின் நடுப்பகுதி கெட்டால் உள்ளிழுத்த மூச்சு அப்படியே பிடித்து நிற்கலாம். கீழே முகுளம் கெட்டால் தாளமே இருக்காது, எந்த நேரமும் நின்றுபோகலாம். பெரியப்பாவுக்கு விடியும்போது அப்படி ஆனது. வெண்டிலேட்டர் வைத்தார்கள்.

அதற்குள் ஊரிலிருந்து போன். "மூச்சு இழுக்குதாமே, வீட்டுக்குக் கொண்டாங்கப்பா, வாயில பால் ஊத்தணும்." டாக்டரிடம் கேட்டேன். சின்ன வயசுக்காரர். "விழுங்குற சக்தியே போச்சுண்ணே. ஊத்துற பால் நுரையீரலுக்குத்தான் போகும்" என்றார். நாங்கள் கொண்டுபோகவில்லை. சில நாளில் பெரியப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். அதற்காக எங்களோடு பேசாத சொந்தம் இன்னும் இருக்கிறது.

திடீரென்று தலைசுற்றலோடு இரட்டைப் பார்வை, குழறல், புரையேற்றம் சேர்ந்து வந்தால் பித்தம் என்று உட்காரக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. சி.டி.யில் மூளைத்தண்டு அடைப்பு ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நினைவு தப்பி மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பிறகொரு நாள் வத்திராயிருப்பில் ஒரு வீட்டில், நினைவு தப்பிக் கிடந்தவருக்குப் பால் ஊற்றப் பாலாடையோடு வந்த பாட்டியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். திட்டினார். திட்டட்டும், வண்டி வருகிற வரைக்கும் கையை விடவில்லை.