கண்ணாடிதானே!

கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவில், வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன மின்சூளையை வைத்துக்கொண்டு, கண்ணாடியை இளக்கி ஒட்டி டாலரும் கம்மலும் செய்து விற்கிறேன். நான் விற்றவற்றில் சில தானாகவே உடைந்தன. ஏன் உடைந்தன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கேட்டு வந்தவர்களிடம், "எங்கேயாவது தட்டியிருக்கும்மா, கண்ணாடிதானே" என்று சொல்லி அனுப்பினேன்.

வேலை பார்க்க எளிது. வண்ணக் கண்ணாடித் தகட்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூளைக்குள் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் இரண்டும் இளகி ஒன்றாகிவிடும். கஷ்டமெல்லாம் ஆறவைப்பதில்தான். மேல்பக்கம் முதலில் இறுகும், உள்ளே சூடு நிற்கும். இரண்டும் சமமாவதற்கு 480 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடிக்குள் ஓர் இழுப்பு தங்கிவிடும். வெளியே கீறல் தெரியாது, பளபளப்பும் குறையாது. வாரம் கழித்தோ மாதங்கள் கழித்தோ, நகைப்பெட்டியில் கிடந்தபடியே இரண்டாகப் பிளக்கும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. இந்தத் தொழிலுக்கென்று வரும் தகடுகளில் 90 என்றோ 96 என்றோ ஓர் எண் போட்டிருக்கும். ஒரு டிகிரி சூடு ஏறினால் கோடியில் 90 பங்கு அல்லது 96 பங்கு நீளும் என்று பொருள். ஜன்னல் கண்ணாடி 85-ஐ ஒட்டி இருக்கும். பாட்டில் கண்ணாடி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 90-ஐயும் 96-ஐயும் சேர்க்காதே என்பதுதான் இதில் முதல் பாடம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-ல் தொடங்கிய புல்ஸ்ஐ போன்ற நிறுவனங்கள், ஒன்றோடொன்று சேருமா என்று சோதித்த கண்ணாடி என்றே தங்கள் தகடுகளை விற்கின்றன. அந்தச் சோதனைக்கும் சேர்த்துத்தான் விலை.

நான் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு மீறினேன். மட்டாஞ்சேரியில் ஆக்கிரிக் கடை என்பார்கள், நம் ஊரில் காயலான் கடை. அங்கே பழுப்பும் பச்சையுமாகப் பழைய பாட்டில்களை எடைக்கு வாங்குவேன். அங்குள்ள யூதத் தெருவுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு, பழைய கொச்சி பாட்டிலில் செய்த நகை என்றால் தனி ஆசை. பாட்டில் மட்டும் போட்டால் மங்கலாக இருக்கிறது என்று மேலே வெளிநாட்டு நீலத்தகடு ஒரு துண்டு வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. சேரக்கூடாத இரண்டு கண்ணாடிகள் அவை. சூளையிலிருந்து எடுக்கும்போதே சில விரிசல் விட்டிருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு, முழுசாக வந்தவை நல்லவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை இன்னும் உடையாதவை, அவ்வளவுதான்.

டிசம்பர் வந்தால் இதற்குமேல் ஒரு பாவம். பியனாலே கலைவிழா நடக்கிற வருஷமென்றால் ஜங்கார் படகு நிறைய ஆள், ஃபோர்ட் கொச்சி முழுக்கக் கூட்டம். ராத்திரி முழுவதும் ஆறவேண்டிய சூளையைப் பாதியில் திறந்து அடுத்த அடுக்கை ஏற்றினேன். மழைக்காலத்தில் கரன்ட் போய்ச் சூளை தன்பாட்டில் குளிர்ந்துபோன நாட்களும் உண்டு. அந்தச் சரக்கைத் திரும்பச் சூடேற்றி ஒழுங்காக ஆறவைத்தால் போதும். செய்யவில்லை. அட்டையில் குத்தி விற்றேன்.

சோதித்துப் பார்க்க வழியில்லாமலா? போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்று போதும். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, கூலிங் கிளாஸைத் திருப்பித் திருப்பித் திரை இருண்டு தெரியும் நிலைக்குக் கொண்டுவந்து, நடுவே டாலரைப் பிடித்தால், இழுப்பு இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். லேப்டாப்பும் கூலிங் கிளாஸும் வீட்டிலேயே இருந்தன. பார்த்தால் பாதிச் சரக்கைக் குப்பையில் கொட்ட வேண்டிவரும் என்று பார்க்காமலே இருந்தேன். சோம்பல் என்றால் மன்னிக்கலாம். இது கணக்குப் போட்டுச் செய்தது.

இதில் பெருமைக்கும் குறைச்சலில்லை. விற்பனை அட்டையில் '2000 ஆண்டுப் பாரம்பரியம்' என்று அச்சடித்திருந்தேன். பறவூரை அடுத்த பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தது உண்மைதான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேடும் மணிகளுக்குப் பேர்போனது. ஆனால் அரிக்கமேட்டு மணிகள் பெரும்பாலும், உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்தவை. தகடு அடுக்கும் என் சூளைக்கும் அந்தக் கைகளுக்கும் ஒரு உறவும் இல்லை. அவர்கள் மணி மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு கிடந்து முழுசாக வெளியே வருகிறது. என் டாலர் ஓணத்துக்கு வாங்கினால் கிறிஸ்துமஸ் வரை தாங்காது.

சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, கம்மல் காதுல இருக்கும்போதே விட்டுடுச்சு. காதுல லேசா கீறிடுச்சு." கீறல் சின்னதுதான். பணம்கூடக் கேட்கவில்லை, அதே மாதிரி இன்னொரு ஜோடி கிடைக்குமா என்றுதான் கேட்டாள். அவளிடமும், "தூங்கும்போது கழற்றி வைக்கணும்மா" என்றேன். "ஆமாக்கா, என் தப்புதான்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன், பணத்தை அனுப்பினேன். தைரியம் அந்த ஒருத்தியோடு நின்றுவிட்டது. மற்றவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை. பலருடைய விலாசமும் என்னிடம் இல்லை.

பாட்டில் கண்ணாடியோடு தகட்டைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். சூளையை ராத்திரியில் திறப்பதில்லை. திரைமுன் பிடித்துப் பார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை. விலை ஏறிவிட்டது, வியாபாரம் பாதியாகிவிட்டது.

வைப்பினிலோ மட்டாஞ்சேரியிலோ, பழுப்பு அல்லது பச்சைக் கண்ணாடிமேல் நீலத்துண்டு ஒட்டிய டாலரோ கம்மலோ வாங்கியிருந்தால், தயவுசெய்து போடாதீர்கள். குழந்தைகள் கழுத்தில் வேண்டவே வேண்டாம். வாங்கிய இடத்தில் கொடுங்கள், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்னுடையது என்றால் பணம் திரும்ப வரும்.