பாத்தி முடியும்வரை

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது மருதனார்மடம். கமெராவோடு இங்கு வருவோர் 1913இல் எழுந்த இராமநாதன் கல்லூரியையும், நெடிதுயர்ந்த ஆஞ்சநேயரையுமே நாடுவர். எம் அன்பர் ஒருவரோ செம்மண் தோட்டத்துக்குள் இறங்கினார்.

வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த மூதாட்டியார், "வெயில் ஏறமுதல் இந்தப் பாத்தி முடியவேணும் தம்பி, பிறகு எடுங்கோ" என்றார். காலை இளவெயிலன்றோ படத்துக்கு உயிர்! இருந்தும் அன்பர் காத்திருந்தார்.

48 வயதிற் கமெரா பிடித்த யூலியா கமரன் அம்மையார், 1877இல் களுத்துறையிலே ஓவியர் மரியான் நோர்த்துக்குக் கம்பளித் துணி போர்த்தி, தென்னோலை தலையிற் குத்த, உச்சி வெயிலில் நிற்கவைத்தாராம். அக்கதையைச் சொல்லி நாம் பனை நிழலிற் பொழுது போக்கினோம்.

பாத்தி முடிந்தபோது இளவெயில் போய்விட்டது. படத்தில் முகநிழல் கறுத்திருக்கிறது. ஆயினும் மூதாட்டியார் நிமிர்ந்து எம்மை நேரே பார்க்கிறார். தமக்கும் ஒரு பிரதி கேட்டார். மறுவாரம் சந்தையிற் கொடுத்தோம்.