இரும்பு பீரோவும் காந்த ஊசியும்

நம்ம ஊர் ஞாயிறு சந்தையில், பித்தளைச் சாமான்களுக்கு நடுவே ஒரு பழைய டாஞ்சன்ட் கால்வனாமீட்டர் கிடைத்தது. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது 'பூசோல் தே தான்ழாந்த்'. பூயே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1837-ல் அமைத்த கருவி. வட்டமான கம்பிச்சுருள், நடுவில் காந்த ஊசி. மின்சாரம் பாய்ந்தால் ஊசி விலகும். விலகும் கோணத்தை வைத்து மின்னோட்டத்தைக் கணக்கிடலாம்.

8 செ.மீ. ஆரமுள்ள சுருளில் 50 சுற்று புதுக்கம்பி சுற்றினேன். காந்தம் இழந்திருந்த ஊசியை ஸ்பீக்கர் காந்தத்தால் ஒரே திசையில் தேய்த்தேன். கணக்குப்படி, நம்ம ஊரில் 100 மில்லி ஆம்பியருக்கு ஊசி ஏறக்குறைய 45 டிகிரி காட்ட வேண்டும். 38-ல் நின்றது. மூன்று தடவை கழற்றி மாட்டினேன். அதே 38.

அறையைப் பெருக்க வேண்டும் என்று வீட்டுக்காரி விரட்டினாள். மர ஸ்டூலோடு கருவியை முற்றத்துக்குத் தூக்கிப் போனேன். அங்கே 45! அறையில் பக்கத்தில் இருந்த இரும்பு பீரோதான் பூமியின் காந்தப்புலத்தைக் கெடுத்திருக்கிறது.

அப்போதுதான் 1967 ஞாபகம் வந்தது. பள்ளிச் சோதனைச்சாலையிலும் என் மேசை இரும்பு அலமாரியை ஒட்டித்தான் இருந்தது. எனக்கு வந்த அளவு மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. பயந்துபோய், பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். 'த்ரே பியேன்' என்று முசியே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அந்த 'மிக நன்று' இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது என் நோட்டில் 38, 45 இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அன்றும் நான் சரியாகத்தான் அளந்திருக்கிறேன், எழுதியதுதான் பொய்.